ஒரு கல் உயரம்

சகாயபுரம் சர்ச்சின் கீழ்ப்படியில், வலது ஓரமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புக் குறி இருந்தது. ஓர் அம்பு, அதற்குக் கீழே ஓர் எண். மூன்று வருடங்களுக்கு முன்னால் அளவெடுக்க வந்தவர்கள் பெயின்ட் அடித்துவிட்டுப் போனது. தினமும் காலை ஏழு மணிக்கு ஸ்டீவன் தன் பொக்லைனை அந்தப் படிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, பக்கெட்டின் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, அம்பின் நுனியில் தொடவைப்பான். அரை டன் இரும்பு. தூங்குகிற பிள்ளையின் கன்னத்தைத் தொடுவதுபோலத் தொட வேண்டும். தொட்டதும் கேபினுக்குள் இருக்கும் திரையில் பூச்சியத்தை அழுத்துவான். அதன்பிறகு பக்கெட் எங்கே போனாலும், அந்தப் படிக்கு எத்தனை சென்டிமீட்டர் கீழே நிற்கிறது என்று திரை சொல்லிக்கொண்டே இருக்கும். முக்காலிமேல் சுழன்றுகொண்டிருக்கும் லேசர் அந்தக் கணக்கு நடுவில் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும்.

அழுத்திய பிறகும் அவனுக்கு மனசு ஆறாது. தூக்கி, மறுபடி இறக்கி, மறுபடி தொடுவான். இரண்டு முறையும் ஒரே எண் வந்தால்தான் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துத் தேதி போட்டுக் குறித்துக்கொள்வான்.

“இன்னாடா ஸ்டீவா, ஞாயித்துக்கெழம சர்ச்சுப் பக்கமே தல வெச்சிப் படுக்கறதில்ல. மத்த நாள்ல மட்டும் படிக்கு முத்தம் குடுத்துக்கினு கீற?” என்றாள் கன்னியம்மா.

சகாயபுரத்தில் அவன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள். தலையில் சும்மாடு, தோளில் மண்வெட்டி. அவளோடு இன்னும் மூன்று பெண்கள்.

“ஞாயித்துக்கெழம நான் எங்க போறேன்னு ஒனக்குத் தெரியாதாக்கா?”

“தெரியும், தெரியும். மாமியார் ஊட்டு மீன் கொழம்புக்கு.”

மற்ற மூவரும் சிரித்தார்கள். ஸ்டீவனும் சிரித்தான். அது அவ்வளவு சிரிக்கிற விஷயம் இல்லை.

போன டிசம்பரில் சகாயபுரத்தில் தண்ணீர் பதினேழு நாள் நின்றது. தொழிற்பேட்டைக்குப் பின்னால் பள்ளத்தில் கிடக்கிற ஊர் அது. கம்பெனிகள் ஒவ்வொன்றும் தன் மனையை மேடாக்கிக் கட்டக் கட்ட, ஊர் இருந்த இடத்திலேயே இருந்து பள்ளமாகிப் போனது. ஸ்டீவன் வீட்டில் கட்டிலின் கால் மூழ்கியது. இரண்டு வயது மகளுக்குக் காய்ச்சல் வந்து, பொன்னேரி ஆஸ்பத்திரியில் ஆறு நாள் வைத்திருந்தார்கள். அங்கிருந்து அவன் மனைவி மெர்சி வீட்டுக்குத் திரும்பவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராகப் பொன்னேரியிலேயே இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

“எனக்கு உம்மேல கோவம் ஒண்ணும் இல்ல. அந்தத் தண்ணிமேலதான். தண்ணி போறதுக்கு வழி பண்ணிட்டு எனக்கு ஒரு போன் பண்ணு. நானே ஆட்டோ புடிச்சி வந்துடறேன். அதுவரைக்கும் எம்புள்ளய அங்க படுக்க வைக்க மாட்டேன்.”

அன்றிலிருந்து ஒன்பது மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் அவன் பொன்னேரிக்குப் போய், பெண்டாட்டி பிள்ளையை விருந்தாளிபோலப் பார்த்துவிட்டு, மாமியார் போடுகிற சோற்றைத் தின்றுவிட்டு, மாலை ரயிலில் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தான்.

அதனால்தான், இந்த வேலை தன் கைக்கு வந்தபோது அவனால் நம்பவே முடியவில்லை. புதிதாக வந்த ஒரு கம்பெனியின் மதில் ஓரமாக, சகாயபுரத்தில் தொடங்கி முந்நூற்று நாற்பது மீட்டர் தள்ளி இருக்கும் ஓடை வரைக்கும் குழாய் பதிக்கிற வேலை. கம்பெனியின் மழைத்தண்ணீரும் அதில் போகும், சகாயபுரத்துத் தெருத்தண்ணீரும் போகும். தெருச் சாக்கடை வந்து விழுவதற்கு ஒரு தொட்டியைப் பஞ்சாயத்து இரண்டு வருடத்துக்கு முன்னாலேயே கட்டிவிட்டது. குழாய்தான் வர வேண்டியிருந்தது. தோண்டப்போவது ஸ்டீவன்.

“நீயா தோண்டற? நெசமாவா?” என்று மெர்சி போனில் இரண்டு முறை கேட்டாள்.

“நானேதான். ஒரு சென்டிமீட்டர் பிசகாது பாரு.”

சொன்னபிறகு, ஏன் அப்படிச் சொன்னோம் என்று ராத்திரி முழுக்க அவனுக்கு உறுத்தியது. அவன் அப்படி அடித்துப் பேசுகிறவன் அல்ல. கேஸ் அடுப்பை மூடிவிட்டு வாசல்வரைக்கும் போய்த் திரும்பி வந்து பார்க்கிற ஆள்.

ஆனால் அந்தப் பேச்சு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவன் மெஷினில் புதிதாகச் சாயும் பக்கெட் மாட்டியிருந்தார்கள். சாதாரண பக்கெட் முன்னும் பின்னும் மடங்கும், அவ்வளவுதான். மெஷின் நிற்கிற இடம் சரிவாக இருந்தால் பக்கெட்டும் கூடவே சாய்ந்து, பள்ளத்தின் அடி ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் பள்ளமாகவும் வரும். பிறகு நாலு பேர் உள்ளே இறங்கி மண்வெட்டியால் செதுக்கிச் சமன் பண்ண வேண்டும். இந்தப் பக்கெட் அப்படியில்லை. மீன் அரிகிறவள் மணிக்கட்டைத் திருப்புவதுபோல இடதுபுறமும் வலதுபுறமும் திரும்பும். மதில் ஓரத்துக் கரைச்சரிவில் மெஷின் ஒருக்களித்து நின்றாலும், பள்ளத்தின் அடி தண்ணீர்த்தட்டுபோல வரும். கட்டைவிரலை அரை இழை அசைத்தால் போதும். இத்தனை மீட்டருக்கு இத்தனை இறக்கம் என்று திரையில் ஒருமுறை சொல்லிவிட்டால், வாட்டம் தவறினால் திரை சிவப்பாகும், சரியானால் பச்சையாகும். ஸ்ரீபெரும்புதூரில் நாலு நாள் பயிற்சிக்கு ஒன்பது பேரை அனுப்பினார்கள். தேறினவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் ஸ்டீவன். தான் எப்படித் தேறினோம் என்று அவனுக்கு இன்னும் சந்தேகம்தான்.

முதல்நாள், ஓடைப்பக்கமிருந்து தோண்ட ஆரம்பிப்பதற்கு முன்னால், கன்னியம்மா மெஷினுக்குக் குறுக்கே வந்து நின்றாள். கையில் பத்து மீட்டர் பிளாஸ்டிக் டியூப் ஒன்று சுருட்டி இருந்தது. தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் பிடித்து மட்டம் பார்க்கிற டியூப்.

“நம்ம தெருத் தொட்டி வாயிலேர்ந்து ஒரு தபா டியூப் புடிச்சிக்கினு வந்துடலாம்டா. தண்ணி வர்ற எடத்துலேர்ந்துதானே மட்டம் பாக்கணும்? நாங்க எப்பவும் அப்படித்தான் பாப்போம். நாலு பேரும் புடிச்சா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும்.”

“அதான் சர்ச்சுப் படில குறி கீதேக்கா. அதுலேர்ந்து மெஷினே பாக்குது.”

“மெஷினா நம்ம தெருவுல குடியிருக்குது?”

ஸ்டீவன் இன்ஜினீயரைப் பார்த்தான். வசந்தகுமார் திருவள்ளூர்க்காரர், ஸ்டீவனைவிட ஆறு வயது சின்னவர், கான்ட்ராக்டரிடம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

“பாட்டம் செதுக்குற வேலையே இல்லைம்மா இந்தத் தடவ. நீங்க நாலு பேரும் குழாய் ஜாயிண்டுக்குக் கலவை போடுங்க. கூலி அதே கூலிதான்” என்றார் வசந்தகுமார்.

கன்னியம்மா டியூப்பைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தாள். வேலை போய்விடக்கூடாது என்று ஏதோ சாக்கு சொல்கிறாள் என்றுதான் ஸ்டீவன் நினைத்தான். அவளுக்காகக் கொஞ்சம் பரிதாபப்படவும் செய்தான்.

ஓடைப் பாலத்தின் கைப்பிடிச்சுவரில் இரண்டாவது குறி ஒன்று இருந்தது. முதல் குறியை அதோடு ஒத்துப்பார்த்த பிறகுதான் வேலை தொடங்க வேண்டும் என்பது முறை. பாலம் முழுக்க வேலிக்காத்தான் மூடிக் கிடந்தது. ஓடையின் வாயிலும் முழங்கால் அளவு சேறு, அடித்தளம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

“முள்ளு வெட்ட ஆள் வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம். படியில குறி சுத்தமா இருக்குல்ல? நீங்கதான் ரெண்டு தடவ பாக்கறவராச்சே ஸ்டீவண்ணா” என்றார் வசந்தகுமார்.

சுத்தமாகத்தான் இருந்தது. மூன்று வருட வெயில் மழைக்கு அம்பு கொஞ்சம் வெளுத்திருந்ததே தவிர, ஒரு கீறல் கிடையாது.

பதினோரு நாள் வேலை நடந்தது. தோண்டத் தோண்டப் பின்னாலேயே குழாய் இறங்கியது, கன்னியம்மாவின் ஆட்கள் ஜாயிண்டுக்குக் கலவை பூசினார்கள். எட்டாம் நாள் எங்கிருந்தோ இரண்டு அதிகாரிகள் வந்து, பள்ளத்துக்குள் இறங்கி, அடியில் நாலு மீட்டர் அலுமினியக் கட்டையைப் போட்டுப் பார்த்தார்கள். கட்டைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி நுழையவில்லை. “கையால பூசின மாதிரி இருக்கே” என்றார் ஒருவர். அன்றைக்கு ஸ்டீவன் நோட்டில் அதையும் எழுதினான். எழுதிவிட்டு, தற்பெருமையாகத் தோன்றவே அடித்தான். அடித்தாலும் வாசிக்க முடிகிற மாதிரி ஒரே ஒரு கோடுதான் போட்டான்.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்குப் பள்ளம் சகாயபுரத்துத் தொட்டியை வந்து தொட்டது.

தொட்டியை ஒட்டிய மண்ணைப் பக்கெட் வழித்து எடுத்தபோது, தொட்டியின் வாய் தெரிய வேண்டும். தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் மேலே இருக்கும் என்று நினைத்து ஸ்டீவன் கேபினிலிருந்து எட்டிப் பார்த்தான். மேலே வெறும் சுவர். மெஷினை நிறுத்திவிட்டு இறங்கி, பள்ளத்துக்குள் குதித்து, கையாலேயே மண்ணைப் பறித்தான். வாய் இருந்தது. அவன் பதினோரு நாளாகத் தட்டுபோல வழித்துக்கொண்டு வந்த அடிக்கும் கீழே இருந்தது.

டேப்பை வைத்துப் பார்த்தான். பதினாலு சென்டிமீட்டர் கீழே.

வரைபடத்தில், தொட்டியின் வாய் குழாயின் அடியைவிட ஐந்து சென்டிமீட்டர் மேலே. தண்ணீர் தொட்டியிலிருந்து குழாய்க்குள் விழ வேண்டும். இங்கே குழாய் மேலே இருந்தது, தொட்டி கீழே. தண்ணீர் ஏறித்தான் போக வேண்டும்.

“இன்னா ஸ்டீவா, இன்னாத்தத் தேடற?” மேலிருந்து கன்னியம்மா குனிந்து பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு டேப் தேவைப்படவில்லை. “அடப்பாவி” என்றாள், மெதுவாக.

வசந்தகுமார் ஓடி வந்தார். முதலில் கத்தினார். “ஜீரோ தப்பா வச்சிருக்கீங்க. ஏதோ ஒரு நாள் தப்பா வச்சிருக்கீங்க!”

அப்படித்தான் இருக்கும் என்று ஸ்டீவனுக்கும் தோன்றியது. நோட்டை எடுத்துக் கொடுத்தான். பன்னிரண்டு நாள், இருபத்து நாலு தொடல், எல்லாம் ஒரே எண். வசந்தகுமார் லெவல் கருவியை எடுத்துவரச் சொல்லி, படியில் இருந்த குறியிலிருந்து பள்ளத்தின் அடிவரைக்கும் தானே பார்த்தார். வியர்க்க வியர்க்க மூன்று தடவை பார்த்தார். பள்ளம் சரி. வரைபடத்தில் உள்ளபடி அச்சு அசலாகச் சரி.

“அப்ப தொட்டிதான் தப்பு. பஞ்சாயத்துக்காரன் பள்ளமா கட்டித் தொலைச்சிருக்கான்” என்றார். முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது.

ஸ்டீவன் தலையாட்டினான். ஆனால் அவன் மனசு ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஐந்து மேலே இருக்க வேண்டியது பதினாலு கீழே இருக்கிறது. ஐந்தும் பதினாலும் பத்தொன்பது. கட்டுகிறவன் தப்பாகக் கட்டினால் ஏழு வரும், பதினொன்று வரும், ஆளுக்கொரு எண் வரும். பத்தொன்பதை அவன் எங்கேயோ பார்த்திருக்கிறான். ஒரு வரிசைக் கல்லும் கலவையும் சேர்ந்தால் வருகிற உயரம் அது.

சாயங்காலம் மெஷினை நிறுத்திவிட்டு சர்ச்சுக்குப் போனான். படிக்கு முன்னால் கொட்டி மட்டம் பண்ணியிருந்த மண்ணைக் காலால் தள்ளினான். குறி இருந்த பலகைக்கல்லுக்கு அடியில் இன்னொரு வரிசைக் கருங்கல். டேப்பை வைத்தான். கல் பதினாறு, கலவை மூன்று.

“இன்னா மச்சான், என் வேலைக்கு அளவு பாக்குறியா?”

வரதன். ஸ்டீவனின் அக்கா புருஷன், கொத்தனார். வேலை முடிந்து குளித்து, தோளில் துண்டோடு வந்து நின்றான்.

“மாமா, இந்தப் படி எப்ப ஏத்துனது?”

“மே மாசம். நீ நாயுடுபேட்டையில வேலைக்கிப் போயிருந்த இல்ல, அப்போ. போன மழைல சர்ச்சுக்குள்ள தண்ணி பூந்து பைபிள்லாம் நனைஞ்சி போச்சே. சபைல எல்லாரும் சேந்து ஏத்திடலாம்னாங்க. நான் துட்டு வாங்கல, தெரியுமில்ல?”

“இந்தக் கல்லு?”

வரதனின் முகம் மலர்ந்தது. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவன் மாதிரி, துண்டால் அந்தக் குறியைத் துடைத்தான்.

“அத்தக் கேளு. பசங்க இந்தக் கல்ல ஒடச்சிப் போட்டுட்டு டைல்ஸ் போடலாம்னானுங்க. நான்தான் உடல. டேய், கவர்மெண்டு மார்க்குடா இது, இந்த மார்க்கு கீதுன்னுதான் நம்ம ஊருக்குப் பைப்பு வரப்போவுது, இது போச்சுன்னா ஆபீசர் வந்து தேடிப் பாத்துட்டு, இல்லன்னு எழுதிக்கினு போயிடுவான்னேன். அலுங்காம குலுங்காம எடுத்து, அடில ஒரு வரிசை கட்டி, அதே மூலைல அதே மாதிரி வெச்சேன். மார்க்குல ஒரு சொட்டு கலவை படல பாரு. ரச மட்டம் வெச்சிப் பாத்துக்கோ, ஒரு நூல் சாயாது.”

சாயவில்லைதான். ஸ்டீவன் அந்தக் கல்லின்மேல் கையை வைத்தபடி குந்தி இருந்தான். பன்னிரண்டு நாள் இந்தக் கல்லைத்தான் இரண்டிரண்டு தடவை தொட்டான். குறியைப் பார்த்தான். குறி எதன்மேல் இருக்கிறது என்று பார்க்கவில்லை. குறி பத்தொன்பது ஏறியதால் பள்ளமும் பத்தொன்பது ஏறிவிட்டது. படி வேலை நடந்தது என்று அக்கா போனில் சொன்னதுகூட நினைவுக்கு வந்தது.

“இன்னா மச்சான், நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லமாட்டியா?”

“நல்லாருக்கு மாமா.”

மறுநாள் காலையில் அவன் மெஷினை ஸ்டார்ட் பண்ணவில்லை. வசந்தகுமாரின் பைக் வரும் வரைக்கும் காத்திருந்து, அவரை மதில் ஓரமாகக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னான். யார் என்பதை மட்டும் விட்டுவிட்டுச் சொல்ல நினைத்தான். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் அதுவும் வந்துவிட்டது.

வசந்தகுமார் ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மறந்து நின்றார்.

“யார்கிட்டலாம் சொன்னீங்க இத?”

“உங்ககிட்டதான் சார் மொதல்ல.”

“வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

“சார், ஓடைப்பக்கம் அடில எடம் கீது. அந்தச் சேத்துக்குக் கீழ பத்தொம்பது சென்டிமீட்டர் கண்டிப்பா இருக்கும். மறுபடியும் எடுத்துடலாம் சார். ஒரு நாளைக்கி நாப்பது மீட்டர் என்னால முடியும். கொழாயத் தூக்கி வெச்சிட்டு, அடிய மட்டும் வழிச்சிட்டு…”

“ஜாயிண்டு எல்லாம் இறுகிடுச்சு. தூக்கினா ஒடையும். புதுக் குழாய் யாரு குடுப்பா? திங்கக்கிழமை கம்பெனி ஆளுங்க வந்து பாக்கறாங்க. அவங்க தண்ணி இறங்குற வாய் ரெண்டு அடி மேல இருக்கு. அவங்களுக்கு எந்தப் பிரச்னையும் இல்ல.”

“எங்களுக்கு?”

வசந்தகுமார் குரலைத் தாழ்த்தினார். அவருக்கும் பயம் என்பது அப்போதுதான் ஸ்டீவனுக்குத் தெரிந்தது.

“ஸ்டீவண்ணா, கேளுங்க. உள்ளத எழுதினேன்னா, பாலத்துக் குறிய ஏன் பாக்கலன்னு மொதல்ல என்னைத் துரத்துவாங்க. சரி, போறேன். அடுத்து? சர்வே குறிய நகத்தினது யாருன்னு கேப்பாங்க. உங்க மாமா மேல கேஸு. ஊர்க்காரங்களே கெடுத்துக்கிட்டாங்கன்னு ஒரு வரி எழுதி ஃபைல மூடிடுவாங்க. எப்படி எழுதினாலும் குழாய் வெளிய வராது. தொட்டி பள்ளமா இருக்குன்னு எழுதிட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. பின்னாடி மோட்டார் வச்சு ஏத்தலாம்னு நானே சிபாரிசு எழுதறேன்.”

“மோட்டார் வருமா சார்?”

“எழுதறேன்னு சொல்றேன்ல.”

வராது என்பது இருவருக்கும் தெரியும். ஸ்டீவன் மறுத்துச் சொல்ல ஒரு வார்த்தை இருக்கும் என்று தேடினான். வேறு யாராக இருந்தாலும் அந்த வார்த்தையைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று தோன்றியது. அவனுக்குக் கேஸில் வரதன் நிற்பதும், அக்கா சகாயபுரம் முழுக்க ஓடி அழுவதும்தான் கண்முன் வந்தது. ஏறிப்போய் மெஷினை ஸ்டார்ட் பண்ணினான்.

கம்பெனிப் பக்கம் குழாய் இணைந்தது. சகாயபுரத்துப் பக்கம் குழாயின் முனையில் ஒரு மூடியைப் போட்டுக் கலவை பூசினார்கள். பூசியது கன்னியம்மா. பூசி முடித்ததும் கரண்டியை வாளியில் எறிந்துவிட்டு அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் ஏதாவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவன் பொன்னேரிக்குப் போகவில்லை. பள்ளத்தை மூடி மேல்மட்டம் எடுக்கிற வேலை இருந்தது. மதிலிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டு சதவீதம் சரிவு. மதில் அஸ்திவாரத்தில் தண்ணீர் தங்கக்கூடாது என்பதற்காக வரைபடத்தில் அப்படி. வெளிப்பக்கம் என்றால் சகாயபுரத்துப் பக்கம்.

மண்ணைப் பரப்பிவிட்டு, பக்கெட்டைச் சாய்த்து இழுக்கத் தொடங்கியபோது, அவன் கட்டைவிரல் தானாக நின்றது. இரண்டு சதவீதத்தை இந்தப் பக்கம் சாய்ப்பதற்குப் பதில் அந்தப் பக்கம் சாய்க்கலாம். மதிலைப் பார்த்துச் சாய்க்கலாம். கண்ணுக்குத் தெரியாது. வசந்தகுமார் டீ குடிக்கப் போயிருந்தார். ஒரு மீட்டர் தூரம் அப்படி இழுத்தான். திரை முழுக்கச் சிவப்பானது. திரை பதிந்துவைக்கும் அந்தச் சிவப்பை நாளைக்கு யார் எடுத்துப் பார்ப்பார்கள், பார்ப்பார்களா என்றுகூட அவனுக்குத் தெரியாது. சிவப்பைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு பின்னால் வந்து, அந்த ஒரு மீட்டரையும் அழித்து, சரியாகச் சாய்த்து, பச்சையில் இழுத்தான்.

திங்கட்கிழமை வந்தவர்கள் அந்தத் தரையின்மேல் நடந்து பார்த்துப் பாராட்டினார்கள். செய்தவன் யார் என்று கேட்டு, அவனை மெஷினுக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். அடுத்த வேலைக்கும் அந்தப் பக்கெட்டுக்கு அவனைத்தான் போடச் சொன்னார்களாம். வசந்தகுமார் அவன் தோளைத் தட்டிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் போனார்.

மெர்சியிடம் அவன் எதுவும் சொல்லவில்லை. “முடிஞ்சிச்சா?” என்று கேட்டாள். “முடிஞ்சிது” என்றான். “ஒரு மழ வரட்டும், பாத்துட்டு வரேன்” என்றாள். அவள் குரலில் இத்தனை மாதத்தில் இல்லாத ஒரு சிரிப்பு இருந்தது. பிள்ளைக்குப் புதுச் செருப்பு வாங்கியிருப்பதாகச் சொன்னாள்.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள் மழை பிடித்தது. மறுநாள் விடிந்தபோது கம்பெனியின் தளம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. ஒரு சொட்டு நிற்கவில்லை. மதில் ஓரத்துத் தண்ணீர், ஸ்டீவன் இழுத்துவிட்ட சரிவில் வழுக்கிக்கொண்டு தெருவுக்குள் வந்தது. முன்பு அங்கே குண்டும் குழியுமாக இருந்தபோது பாதித் தண்ணீர் அங்கேயே தேங்கி நிற்கும். இப்போது தேங்க இடமில்லை. தொட்டி நிரம்பி, சாக்கடை எதிர்த்து ஓடி, எட்டு மணிக்குள் தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. போன வருடம் இந்த அளவுக்கு வர இரண்டு நாள் ஆனது.

கட்டிலின்மேல் துணிமூட்டையை ஏற்றி வைத்துவிட்டு ஸ்டீவன் வெளியே வந்தான். வீடு வீடாகச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவனைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினவர்களும் உண்டு, நிறுத்தாதவர்களும் உண்டு.

“அதோ வர்றாரு பாரு, இன்ஜினீயரு. சென்டிமீட்டரு பிசகாம கொண்டாந்து உட்டாரு, நம்ம ஊட்டுக்குள்ள.”

“ஒரு கொடம் தண்ணி ஊத்திப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நாலு பொம்பளைங்க நின்னமே, எங்க கைய நம்பலையே.” இது கன்னியம்மா. இடுப்பில் ஒரு பானை, தலையில் அரிசி மூட்டை. கோபத்தைவிடச் சலிப்புதான் அந்தக் குரலில் அதிகம்.

சர்ச்சு வாசல் தெருவைவிட மேடு, அங்கே கணுக்காலுக்குத்தான் தண்ணீர்; படிமட்டும் அதற்கு மேலே நின்றது. வயசானவர்களையும் பிள்ளைகளையும் அங்கேதான் உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு துளி போகவில்லை. கீழ்ப்படியில், அந்தச் சிவப்பு அம்புக்குப் பக்கத்தில், வரதன் உட்கார்ந்து எல்லாருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தான்.

“வரதன் மட்டும் அன்னிக்கி ஏத்தலைன்னா இதுவும் போயிருக்கும்” என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

வரதன் ஸ்டீவனைப் பார்த்தான். கிண்டலாகத்தான் ஆரம்பித்தான், பாதியில் பரிதாபமாகிவிட்டது.

“மெஷினு பொய் சொல்லும் மச்சான். கல்லு பொய் சொல்லாது. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் மட்டம் பாத்துக் குடுத்திருக்க மாட்டேனா?”

ஸ்டீவன் வாயைத் திறந்தான். படியில் அத்தனை பேர். வரதன் மடியில் அக்காவின் கடைக்குட்டி தூங்கிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. மெர்சி.

“இங்க ராவெல்லாம் செம மழ. அங்க எப்படி? தண்ணி போயிடுச்சா?”

அவன் கணுக்காலைச் சுற்றி ஓடுகிற தண்ணீரைப் பார்த்தான்.

“நின்னுக்கினு கீது.”

அந்தப் பக்கம் பிள்ளை ஏதோ கேட்பதும், மெர்சி அதை அதட்டுவதும் கேட்டது.

“நீதானே தோண்டுன?”

“நான்தான்.”

“மட்டம் பாத்துத்தானே தோண்டுன?”

“பாத்துத்தான்.”

“அப்பறம் ஏன்?”

அவன் படியில் இருந்த வரதனைப் பார்த்தான். மெர்சி கோபித்துக்கொண்டு வைப்பாள் என்று நினைத்தான். அவள் கோபிக்கவில்லை. “சரி, நீ சாப்ட்டியா?” என்று கேட்டாள், யாரோ தூரத்துச் சொந்தக்காரனைக் கேட்கிற மாதிரி. பதில் வருவதற்குள் வைத்துவிட்டாள்.

“வா மச்சான், வந்து ஒக்காரு” என்று வரதன் நகர்ந்து இடம் விட்டான். “இங்க ஈரமே இல்ல.”

ஸ்டீவன் தண்ணீரிலேயே நின்றான்.